விளக்கு எரியலன்னா சொல்றோம். எங்கே நிக்கணும்னு யார் சொல்றது?

எங்கள் ஊரில் ஒரு பூங்கா இருக்கிறது. ஊர்ப் பெயர் எதுக்கு, உங்க ஊரிலும் இதே மாதிரி ஒன்று இருக்கும். சுற்றுச்சுவர், எட்டு வடிவ நடைபாதை, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், வழவழவென்று கிரானைட் போட்ட பெஞ்சுகள். திறந்த புதிதில் என் அம்மாச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே சிக்கல். மாடு உள்ளே வராமல் இருக்க, வளைந்து வளைந்து போகிற மாதிரி கம்பி போட்டிருந்தார்கள். மாடு வரவில்லை, சரி. கைத்தடி ஊன்றிய அம்மாச்சியாலும் அதற்குள் திரும்ப முடியவில்லை. யாரோ ஒரு தம்பி ஓடிப்போய்ச் சாவி வைத்திருப்பவரைக் கூட்டிவந்து பெரிய கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே போய் பெஞ்சைப் பார்த்ததும் அம்மாச்சி சொன்னது இதுதான்: "சாஞ்சுக்க ஒண்ணும் இல்ல, பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல. இதுல உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதுடி." நின்றபடியே ஒரு சுற்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அதோடு சரி, அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

பிறகொரு நாள், உள்ளாட்சி வேலைகளில் பழக்கப்பட்ட ஒரு பொறியாளரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "மாடு வரக்கூடாதுன்னு சொல்ல பத்துப் பேர் வருவாங்கம்மா. பெரியவங்க உட்காருவாங்க, பெஞ்சுக்குக் கைப்பிடி வைங்கன்னு ஒருத்தர்கூட வந்து சொல்ல மாட்டாங்க. எஸ்டிமேட் போடும்போது சொன்னா ஒரு கம்பியை வளைச்சு வைக்கிறது பெரிய செலவா?" எனக்குக் கோபம்தான் வந்தது. இதெல்லாம் கேட்டா தெரியணும்? ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, நானும் போய்ச் சொல்லவில்லை என்பது உறைத்தது. பூங்கா வரப்போகிறது என்று ஊரே பேசியது. ஒரு பக்கத்துக்கு நாலு வரி எழுதிக் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

நமக்குப் புகார் சொல்லத் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது. இதற்கெல்லாம் வழிகளும் இருக்கின்றன. சென்னையில் 1913, மாநிலம் முழுக்க 1100, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்று. எரியாத விளக்கைப் பற்றிச் சொல்வது புகார். அந்த விளக்கு எந்த இடத்தில் நின்றால் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு வெளிச்சம் விழும் என்று சொல்வது வடிவமைப்பு. முதலாவது, கட்டி முடித்த பிறகு சொல்வது. இரண்டாவதைக் கட்டுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

எஸ்டிமேட்டுக்கு முன்பா, பின்பா?

ஒரு பூங்காவோ நடைபாதையோ பேருந்து நிழற்குடையோ வருவதற்கு முன் அதன் கோப்பு பல மேசைகளைக் கடக்கிறது. முதலில் யோசனை. அப்புறம் இடத்தைப் பார்த்து, அளந்து, மதிப்பீடு தயாராகும். அதற்கு மன்றத்தின் தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. பிறகு ஒப்பந்தப்புள்ளி, கடைசியில் பணி ஆணை.

இந்த வரிசையில் மக்கள் பேச்சுக்கு எங்கே மதிப்பு அதிகம்? மதிப்பீடு தயாராவதற்கு முன்னால். அந்தக் கட்டத்தில் பொறியாளர் கையில் இருப்பது பென்சில். "வாசலை மேற்குப் பக்கம் வைங்க, பள்ளிக்கூடம் அங்கதான் இருக்கு" என்றால் ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தப்புள்ளி முடிந்துவிட்டால் அதே வாசல் திருத்திய மதிப்பீடாக மாறும், மறுபடியும் அனுமதிக்குப் போகும், ஒப்பந்தக்காரர் கூடுதல் தொகை கேட்பார். கான்கிரீட் போட்ட பிறகு என்றால் உடைக்க ஒரு செலவு, கட்ட ஒரு செலவு. எல்லாம் நம்ம வரிப்பணம்தான்.

நாம் பெரும்பாலும் எப்போது போகிறோம்? ஜேசிபி வந்து நின்ற பிறகு. அப்போது அதிகாரி "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று சொன்னால் அவர் அலட்சியமாகப் பேசுகிறார் என்று நினைக்கிறோம். பல நேரம் அவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

மெரினாவில் ஒரு மரப்பாதை

கேட்டுப் பெற்ற ஒரு பொது இடம் நம்ம சென்னையிலேயே இருக்கிறது. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலுக்குக் குறுக்கே கடலை நோக்கிப் போகும் மரப்பாதை. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அலைக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்பதற்காகவே போட்டது.

மணலில் சக்கர நாற்காலி நகராது. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு எதுவும் தேவையில்லை. ஆனாலும் எத்தனையோ வருஷம் அந்த நீளமான கடற்கரையில் இப்படி ஒரு பாதை இல்லை. மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய அமைப்புகளும் விடாமல் கேட்டார்கள். நிரந்தரப் பாதை வருவதற்கு முன் சில ஆண்டுகள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி மாநகராட்சி தற்காலிகப் பாதை போட்டது. சில நாள் இருக்கும், அப்புறம் எடுத்துவிடுவார்கள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்து, முதல் முறையாகத் தண்ணீரில் கால் நனைத்தவர்கள் அதில் இருந்தார்கள். சில நாளைக்கு மட்டும் கடல், மற்ற நாளெல்லாம் தூரத்துக் காட்சி என்றால் எப்படி என்ற கேள்விதான் நிரந்தரப் பாதைவரை கொண்டுவந்தது.

கதை அங்கே முடியவில்லை. திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்தது. அலை ஏறி பாதையின் கடலோரப் பகுதியைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்து மறுபடியும் திறந்தார்கள். இன்னொன்றும் நடந்தது. திறந்த முதல் நாட்களில் எல்லாரும் ஏறி நின்று செல்ஃபி எடுத்ததில், யாருக்காகப் போட்டார்களோ அவர்களுக்கே வழி கிடைக்காமல் நெரிசல். கட்டுவதற்கு முன் கேட்பது எவ்வளவு முக்கியமோ, கட்டிய பிறகு யார் பயன்படுத்துகிறார்கள் என்று வந்து பார்ப்பதும் அவ்வளவு முக்கியம் என்பதை நான் இதில்தான் கற்றுக்கொண்டேன்.

சாய்தளம் பற்றிய ஒரு கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள், எங்கேயும் உதவும்: ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி உயரம் ஏற, குறைந்தது பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். சக்கர நாற்காலி நுழைய வாசலில் தடையில்லாத இடம் குறைந்தது 90 சென்டிமீட்டர். பல கட்டடங்களின் முன்னால் சறுக்குமரம் மாதிரி செங்குத்தாக ஒரு சாய்தளத்தைப் பார்த்திருப்பீர்கள். 'சாய்தளம் உண்டு' என்று கோப்பில் எழுதிக்கொள்ளத்தான் அது பயன்படும். பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே இதைக் கேட்கும்போது சலுகை கேட்கிறோம் என்று தயங்கவே வேண்டாம்.

பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள்?

அம்மாச்சி மாதிரி பெரியவர்கள் வரவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியும். பழகிப்போனதால் நாம் கவனிக்காமலே விட்ட இன்னொரு கூட்டமும் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு உங்கள் பகுதி விளையாட்டுத் திடலுக்குப் போய்ப் பாருங்கள். ஏழு எட்டு வயதுவரை பையன்களும் பெண்பிள்ளைகளும் கலந்து ஓடுவார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெண்பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நானும் அப்படிக் காணாமல்போனவள்தான். யாரும் வரக்கூடாது என்று சொல்லவில்லை. திடல் முழுக்கக் கிரிக்கெட், நின்று பேச ஓர் ஓரம் இல்லை, போகப்போகப் போகத் தோன்றவில்லை.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் 1990களில் நகர நிர்வாகம் இதை ஆராய்ந்தது. ஒன்பது வயதுக்கு மேல் பூங்காக்களில் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைகிறது, பையன்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது என்று தெரிந்தது. திடல் ஒரே பெரிய வெட்டவெளியாக இருந்தால் சத்தமாக இடம் பிடிப்பவர்களுக்கே அது சொந்தமாகிவிடுகிறது. 1999இல் மார்கரெட்டன் என்ற ஐந்தாம் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். நடைபாதைகள் சேர்த்தார்கள், கைப்பந்து, பூப்பந்துக் களங்கள் வைத்தார்கள், வெட்டவெளியைச் செடி கொடிகளால் சிறுசிறு இடங்களாகப் பிரித்தார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பையன்களும் போய்விடவில்லை.

வியன்னா வேறு, வாடிப்பட்டி வேறு என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். அங்கே வைத்த செடியை இங்கே வைக்கச் சொல்லவில்லை. முதலில் எண்ணிப் பார்த்தார்கள் பாருங்கள், அதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம்.

நோட்டும் கோலப்பொடியும்

அதனால் கூட்டத்துக்குப் போகும் முன் நீங்களும் எண்ணுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா. காலை ஆறு, பதினொன்று, மாலை நாலரை, இரவு எட்டு என்று ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த இடத்தில் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எங்கே உட்காருகிறார்கள், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எந்த வழியாக உள்ளே வருகிறார்கள். புல்லில் கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடித் தடம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதுதான் மக்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட வரைபடம். அதை மறித்துச் சுவர் கட்டினால் ஆறே மாதத்தில் சுவரில் ஓட்டை விழும்.

இப்படி எழுதி வைத்தது கையில் இருந்தால் உங்கள் பேச்சே மாறிவிடும். "பூங்காவை மேம்படுத்தித் தர வேண்டும்" என்று ஒரு மனு கொடுத்தால் அது மற்ற மனுக்களோடு போய்ச் சேரும். "மாலை நாலரை மணிக்கு இங்கே 30 பேர் இருந்தார்கள், அதில் 22 பேர் வேப்பமரத்தடியில் ஒரே இடத்தில் நின்றார்கள், உட்கார அங்கே ஒன்றும் இல்லை, பெஞ்சுகள் எல்லாம் வெயில் பக்கம் இருக்கின்றன" என்று எழுதினால், ஏ.இ. என்று எல்லாரும் கூப்பிடும் உதவிப் பொறியாளர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இடத்தைப் பார்க்க வர வாய்ப்பு உண்டு. தீர்வையும் நீங்களே சொல்லிவிட வேண்டும் என்பதில்லை. எத்தனை டன் கம்பி என்பது அவருக்குத் தெரியும். எத்தனை மணிக்கு யார் வருவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தாளில் இருக்கும் வரைபடம் பலருக்குப் புரியாது. எனக்கும் லேசில் புரியாது. அதனால் இடத்திலேயே வரைந்து பார்க்கக் கேளுங்கள். கோலப்பொடியோ சுண்ணாம்போ போதும். இங்கே நடைபாதை, இங்கே பெஞ்ச், இங்கே வாசல் என்று உண்மையான அளவில் தரையில் கோடு போட்டு, அதில் ஒரு பாட்டியையும், குழந்தை வண்டி தள்ளும் ஒரு அம்மாவையும், சக்கர நாற்காலியில் ஒருவரையும் நடமாடச் சொல்லிப் பாருங்கள். எங்கே இடிக்கும் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சென்னை பாண்டி பஜாரில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். தியாகராயர் சாலையில் வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்றபோது கடைக்காரர்களுக்குப் பயம், வியாபாரம் படுத்துவிடுமோ என்று. நியாயமான பயம்தான். அதனால் நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன் தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். சாலையில் நடந்து பார்த்த மக்களும் கருத்துச் சொன்னார்கள், கடைக்காரர்களும் சொன்னார்கள். 2019 நவம்பரில் அகலமான நடைபாதைகளோடு திறந்தார்கள். அதற்கு முன்பே, 2014இல், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி ஏற்றிருந்தது. ஆனால் கொள்கையைப் படித்து யாருக்கும் பயம் போகாது. நடந்து பார்த்தால் போகும்.

கூட்டத்துக்கு வராதவர்கள்

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மக்களைக் கேட்டுச் செய்தோம் என்று சொல்லும் எல்லா இடத்திலும் எல்லா மக்களும் இருப்பதில்லை. கூட்டம் காலை பதினொரு மணிக்கு என்றால் வேலைக்குப் போகிறவர் வர முடியாது. சாயங்காலம் ஏழு மணி என்றால் வீட்டில் சமையல் செய்கிறவர் வர முடியாது. வந்தவர்களிலும் மைக்கைப் பிடிக்கத் தெரிந்தவர் நாலு பேர்தான். அந்த நாலு பேரும் "பூங்கா வாசலில் பூக்கடை, சுண்டல் வண்டி எல்லாம் எடுக்கணும்" என்றால் அதுவே மக்களின் கருத்து என்று பதிவாகிவிடும். பூ விற்கும் அக்கா அந்த நேரத்தில் எங்கே இருப்பார்? வாசலில் பூ விற்றுக்கொண்டிருப்பார்.

இந்த ஆபத்தை 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் புரிந்துவைத்திருக்கிறது. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதைத் தீர்மானிப்பதில் பங்குவகிக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பூங்கா வடிவமைப்புக்கு இப்படி விகிதம் எதுவும் கிடையாது. அதனால் அதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வராதவர்களைத் தேடிப் போய்க் கேட்பதும் உங்கள் நோட்டு வேலையில் சேரும்.

1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழ்ப்படிகளில் மக்களை உட்காரவைத்து, கேட்ட மாதிரி காட்டுவது மட்டும் நடக்கும். நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும். மேல்படிகளில்தான் முடிவெடுப்பதில் மக்களுக்குப் பங்கு. நீங்கள் போகிற கூட்டம் எந்தப் படியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய கேள்வி போதும்: "நாங்க இன்னிக்குச் சொல்றதுல எதை மாத்த முடியும், எதை மாத்த முடியாது?" நேர்மையான அதிகாரி இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். "இடம் மாற்ற முடியாது, வாசலும் விளக்கும் மாற்றலாம்" என்றால்கூட நல்ல பதில்தான். எல்லாம் கேட்டபடி நடக்கும் என்று சொன்னால்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

எங்கே போய்ச் சொல்வது?

கிராமம் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். விளையாட்டுத் திடலோ குளக்கரையோ, பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ரொம்ப நாள் இப்படி ஒரு சபை இல்லை. இப்போது வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் வந்திருக்கின்றன. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் கூடிப் பேச இடம். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் நடந்த இந்தக் கூட்டங்களில், தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரும் கலந்துகொண்டார். உங்கள் பகுதி சபை அடுத்து எப்போது என்று கவுன்சிலரிடமோ மண்டல அலுவலகத்திலோ கேளுங்கள். தெரியவில்லை என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் தெருவே பணம் போட்டுச் செய்யத் தயார் என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு, மீதி அரசு. பணம் கொடுப்பவர்களே வடிவத்தையும் தீர்மானித்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில்.

வரைபடத்தையும் மதிப்பீட்டையும் பார்க்க வேண்டுமா? முதலில் அலுவலகத்தில் நேரே கேளுங்கள், பல இடங்களில் காட்டுவார்கள். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். மதிப்பீட்டில் பராமரிப்புக்கு என்று ஏதாவது இருக்கிறதா என்பதையும் அதோடு கேட்டுவிடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று தெரியாமல் நட்ட செடிகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

எங்கள் ஊரில் இப்போது குளக்கரையில் நடைபாதை வரப்போகிறதாம். எஸ்டிமேட் இன்னும் போடவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாச்சியை அவருடைய வழக்கமான நாற்காலியில் உட்காரவைத்து டேப்பால் அளந்தேன். தரையிலிருந்து உட்காரும் பலகைவரை 45 சென்டிமீட்டர், கைப்பிடி 66. "எதுக்குடி இதெல்லாம்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வாசல்ல அந்த வளைஞ்ச கம்பி வேணாம்னும் எழுது" என்றார். எழுதியிருக்கிறேன்.